பட்டப்பெயருக்குள் ஒளிந்துகொண்ட ராஜாக்கள்

பட்டம் கொடுப்பதில் தமிழனை மிஞ்ச ஆள் கிடையாது. நடிகர் திலகம் என்றால் போதும், சிவாஜி கணேசன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வார்டு கவுன்சிலருக்கு வைக்கும் பேனரில்கூடப் பெயருக்கு முன்னால் நாலு பட்டமாவது இருக்கும். இதெல்லாம் சினிமாவும் கட்சியும் வந்த பிறகு ஏற்பட்ட வியாதி என்று நினைப்பவர்கள் ஒருமுறை மாமல்லபுரம் போய் வரலாம்.

அந்த ஊரின் பெயரே ஒரு பட்டப்பெயர்தான். மாமல்லன் என்றால் பெரிய மல்லன். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு (சுமார் கி.பி. 630 - 668) வழங்கிய பட்டம் அது. 642 வாக்கில் சாளுக்கியர்களின் வாதாபியைப் பிடித்ததும் 'வாதாபி கொண்டான்' என்று இன்னொன்று சேர்ந்துகொண்டது. இவை வீரத்துக்குக் கிடைத்தவை, சரி. ஆனால் தர்மராஜ ரதத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கும் பட்டங்களைப் பாருங்கள். மேகம் போன்றவன், ஒப்பில்லாதவன், கண்ணுக்கு இனியவன், ஆசைகளுக்கு எல்லை இல்லாதவன் (அத்யந்தகாமன்)... கல்லில் இப்படி எழுதிக்கொள்ளக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்காதா என்று தோன்றும். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மன் (இரண்டாம் நரசிம்மவர்மன்) இருநூறுக்கும் மேற்பட்ட பட்டங்களை வெட்டி வைத்திருக்கிறான். இவனை யாரும் மிஞ்ச முடியாது!

இங்கேதான் ஒரு சிக்கல். புகழ் நிலைக்கவேண்டும் என்று இவ்வளவு பட்டங்களை எழுதியவர்கள், சொந்தப் பெயரைத் தெளிவாக எழுத மறந்துவிட்டார்கள். தர்மராஜ ரதத்தின் மேல்தளம் 'அத்யந்தகாம பல்லவேசுவரம்' எனப்படுகிறது. கணேச ரதத்திலும் அதே அத்யந்தகாமன். பக்கத்தில் சாளுவன்குப்பம் குகைக்கு 'அதிரணசண்டேசுவரம்' என்று பெயர். யார் இந்த அத்யந்தகாமன்? பரமேசுவரவர்மன் என்று ஒரு சாரார். ராஜசிம்மன் என்று இன்னொரு சாரார், ஏனென்றால் கைலாசநாதர் கோயிலில் அதே பட்டம் அவனுக்கு இருக்கிறது. 1962ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரம் முழுவதுமே ராஜசிம்மன் காலத்து வேலைதான் என்று எழுதினார். அப்படியானால் மாமல்லனுக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல்லும் இல்லை! வாதம் இன்னும் முடியவில்லை. அப்பன், பிள்ளை, பேரன் எல்லாரும் ஒரே பட்டத்தைப் போட்டுக்கொண்டால் வேறு என்ன ஆகும்?

மாமல்லனின் அப்பா மகேந்திரவர்மனும் இதில் சளைத்தவர் இல்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்தவன் என்று அங்குள்ள கல்வெட்டு பெருமைப்படுவது 'விசித்திரசித்தன்' என்பவனைத்தான். மகேந்திரன் என்ற பெயர் அதில் இல்லை. திருச்சி மலைக் குகையில் அவன் குணபரன்.

இந்தப் பட்டங்களில் சிலவற்றுக்காவது சாவி கிடைத்தது ஒரு சின்ன ஊரில். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வல்லம். அங்கே ஒரு சிறிய குகைக்கோயில், அதில் தமிழில் ஒரு கல்வெட்டு. பகாப்பிடுகு (பிளக்க முடியாத இடி என்று பொருள், பிடுகு என்பது தெலுங்கு), லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று நான்கு பட்டங்களை அடுக்கிவிட்டு, அவற்றோடு மகேந்திரனின் பெயரையும் அது சொல்லிவிடுகிறது. சொன்னது ராஜா இல்லை. அவனுக்கு அடியவனான வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன். கோயிலைக் குடைவித்தவன் இவன்தான், ஆனால் தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டான். அவன் மரியாதைக்காக எழுதியதை வைத்துத்தான் குணபரனும் மகேந்திரனும் ஒரே ஆள் என்று நாம் இன்று சொல்கிறோம். மாமல்லபுரத்து ரதங்களுக்கு இப்படி ஒரு கந்தசேனன் கிடைக்கவில்லை.

ஆனால் வேறு சிலர் கிடைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறையில் வரிசையாகச் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்வேலை செய்தவர்களின் பெயர்கள் என்று கருதப்படுகிறது. மேகம், இடி எதுவும் இல்லை. கொல்லன் சேமகன் என்று ஒருவர், திருவொற்றியூர்க்காரர் ஒருவர். குணமல்லன் என்று ஒருவர், இவருக்கு மட்டும் கொஞ்சம் ராஜ வாடை. கேவாத பெருந்தச்சன் என்று இன்னொருவர். அந்தப் பாறையில் பட்டம் என்று சொல்லத்தக்கது அந்தப் 'பெருந்தச்சன்' ஒன்றுதான். அதுவும் அவர் செய்த வேலையின் பெயர்.