முதல் லெவலில் யார் சாகலாம்?

புதிய கேம்பெய்ன் தொடங்கப்போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் உலகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஊர், என்ன கடவுள், டிராகன் உண்டா இல்லையா. எனக்கு அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கதாபாத்திரங்கள் எந்த லெவலில் தொடங்குகிறார்கள்? ஹிட் பாயின்ட்டுக்கு என்ன விதி? கேட்க கணக்குப்பிள்ளை வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இன்று மேஜைக்கு வரும் ஒருவர் ஆறு மாதம் கழித்தும் வருவாரா என்பதில் பாதி இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஆடியிராதவர்களுக்காகச் சுருக்கமாக. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. என்ன செய்கிறோம் என்று நாம் வாயால் சொல்கிறோம், அது நடந்ததா என்று பகடை சொல்கிறது. லெவல் ஒன்றிலிருந்து இருபது வரை ஏறலாம். ஹிட் பாயின்ட் என்பதை எங்கள் மேஜையில் உயிர் என்றுதான் சொல்வோம். "உயிர் எவ்ளோ இருக்கு?" "மூணு." "செத்தடா."

இந்த எண் வந்தது கடலிலிருந்து. 1970களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் முதலில் ஓர் அடி பட்டாலே ஆள் காலி. படைகளை நகர்த்தும் போர் விளையாட்டில் ஒரு சிப்பாய் செத்தால் யாருக்கும் வருத்தமில்லை. ஒரே ஓர் ஆளை வைத்து ஆடுகிறவர்களுக்கு அப்படி இல்லை. அரக்கனை ஒரே வெட்டில் கொல்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் கிடையாது, அரக்கன் தங்களை ஒரே வெட்டில் கொல்வதுதான் பிடிக்கவில்லை என்று ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்காக முன்பு தான் எழுதிவைத்திருந்த விதிகளிலிருந்து ஹிட் பாயின்ட்டை எடுத்துக்கொண்டார். கப்பல் ஒரு குண்டில் மூழ்கிவிடாது இல்லையா? ஆனாலும் 1974-ல் அவரும் கேரி கைகாக்ஸும் வெளியிட்ட முதல் பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதியின் உயிர் ஓர் ஆறுமுகப் பகடை. ஒரு கத்திக்குத்தும் ஓர் ஆறுமுகப் பகடை. காகிதக் கப்பல்தான்.

எனக்கு இந்தக் கேள்வி விதிப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சில வருடங்களுக்கு முன், நான் வெறும் ஆட்டக்காரனாக இருந்த ஒரு மேஜைக்கு, கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் வந்தார். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை மட்டும் அவரால் வர முடியும். தன் மந்திரவாதிக்கு இரண்டு பக்கக் கதை எழுதி எடுத்து வந்திருந்தார்: கடலில் காணாமல்போன தம்பி, அவன் விட்டுப்போன ஒரு திசைகாட்டி. மந்திரவாதியின் உயிர் 7.

அன்று ஆடியது 2014-ல் ஸ்டார்டர் செட்டோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்'. அதன் முதல் சண்டை ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம். பாதையில் செத்துக் கிடக்கும் இரண்டு குதிரைகள், புதருக்குள் நான்கு காப்ளின்கள். காப்ளினின் அம்பு 3 முதல் 8 வரை உயிரை எடுக்கும். முதல் அம்பு 5. இரண்டாவது 6. அக்காவின் முறை வருவதற்குள் மந்திரவாதி விழுந்துவிட்டார். அடுத்தது மரணப் பகடை. இருபதுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் பிழைக்கலாம். அதற்குள் மூன்று முறை குறைவாக விழுந்தால் முடிந்தது. குணப்படுத்த வேண்டிய கிளெரிக்கும் விழுந்து கிடந்தான். அக்காவுக்கு 4, 8, 3. ஆட்டத்துக்குள் ஒரு சுற்று என்பது 6 வினாடி.

"புது ஷீட் போட்டுக்கலாம்க்கா, அஞ்சு நிமிஷம்" என்றார்கள். அக்கா மீதி இரண்டு மணி நேரமும் சிரித்த முகமாகவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த முறை ஊரிலிருந்து மாமியார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

யாரும் தப்பு செய்யவில்லை, எல்லாம் விதிப்படிதான் நடந்தது. மந்திரவாதி செத்தது எனக்கு உறுத்தவில்லை. ஒரு முடிவுகூட எடுக்காமல் செத்ததுதான் உறுத்தியது. ஓடலாமா, ஒளியலாமா, பேசிப் பார்க்கலாமா என்று யோசிக்க அக்காவுக்கு ஒரு வாய்ப்பு வரவே இல்லை. பயப்படுவதற்கும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்க வேண்டும்.

புதியவர்கள் லெவல் ஒன்றில் தொடங்கட்டும் என்பார்கள். நியாயம்தான், நினைவில் வைக்க வேண்டியது அங்கே குறைவு. ஆனால் உயிர் மிக மெலிதாக இருப்பதும் அதே லெவலில்தான். பத்து வருடம் ஆடியவர்கள் "லெவல் மூணுல ஆரம்பிப்போம் மச்சான்" என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விதி தெரிந்தவனுக்குத் தடித்த தோல், தெரியாதவருக்குக் காகிதத் தோல்.

லெவல் ஏறும்போது இன்னொரு சங்கதி. ஐந்தாம் பதிப்பில் முதல் லெவலில் உங்கள் பகடையின் உச்ச எண் அப்படியே கிடைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு லெவலுக்கும் உருட்டலாம், அல்லது புத்தகத்தில் இருக்கும் நிலையான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஃபைட்டருக்குப் பத்துமுகப் பகடை. நிலையான எண் 6. பகடையின் சராசரியோ 5.5. ஆக, உருட்டாதவனுக்குத்தான் அரைப் புள்ளி லாபம். '1 விழுந்தால் 1 அல்லாதது வரும்வரை மறுபடி உருட்டு' என்று பல வீடுகளில் ஒரு விதி உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதன் சராசரியும் சரியாக 6. ஆறுமுகமோ பன்னிரண்டுமுகமோ, எந்தப் பகடைக்கும் நிலையான எண்ணில்தான் போய் நிற்கும்.

அந்த மேஜையில் உருட்டியே ஆக வேண்டும். என் ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலில் 1, மூன்றாம் லெவலில் 2. உடல்வலுவுக்கான போனஸ் எல்லாம் சேர்த்து உயிர் 16. நிலையான எண்ணை எடுத்திருந்தால் 25. அக்காவுக்குப் பிறகு வந்த வேறொரு மந்திரவாதி நன்றாக உருட்டி 23 வைத்திருந்தான். கவசம் போட்ட வீரன் அங்கி போட்டவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். சும்மா சொல்லக் கூடாது, மூன்று வாரம் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாயால் பேசியே தப்பிக்கும் ஒரு கோழை வீரன் அப்படித்தான் பிறந்தான். ஆனால் அந்த ஆட்டம் ஒன்றரை வருடம் ஓடியது. ஒரே ஜோக்கை எத்தனை நாள் சொல்வது?

வாள் வீசும்போது விழும் 1 அடுத்த முறை வரும்வரைதான் வலிக்கும். உயிருக்காக உருட்டும்போது விழும் 1 கடைசிவரை கூடவே வரும். அதிர்ஷ்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது பிடிக்காமல் யார் பகடையைத் தொடுவார்கள்? அதற்கு எத்தனை நாள் ஆட்சி கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. எல்லாரும் ஒரு சுற்று போய்வந்த பிறகும் காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பார். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், விளக்கு வைக்கிற நேரத்தோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "சாவு பயம் இல்லாத குகைக்குள்ள எதுக்குடா போகணும்? பேசாம கதை எழுதிட்டுப் போ." அவனுக்குப் பிடித்தது 2012-ல் வந்த 'டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்'. அதில் ஆளுக்கு மூன்று நான்கு பூஜ்ய லெவல் கிராமத்து ஆட்கள். ஒவ்வொருவருக்கும் உயிர் ஒரு நான்குமுகப் பகடை. கூட்டமாகக் குகைக்குள் அனுப்பி, பிழைத்து வருபவனை முதல் லெவலுக்கு ஏற்றுவது. பெயர்கூட வைக்காமல் 'விவசாயி நம்பர் மூணு' என்று எழுதிவைத்து ஆடியிருக்கிறோம். எனக்கும் பிடித்த விதிதான். ஆனால் அங்கே யாரும் காணாமல்போன தம்பியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவதில்லை. வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் நான் நடத்தும் கேம்பெய்னுக்கு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதனால் ரொம்ப யோசித்து, எப்போதும் ஒன்றாகவே கட்டிவைக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிட்டேன். எவ்வளவு நினைவில் வைக்க வேண்டும் என்பது லெவல். எத்தனை அடி தாங்கலாம் என்பது உயிர். எல்லாருக்கும் லெவல் 1. உயிர் மட்டும் லெவல் 3-க்கு உரியது. அக்காவின் மந்திரவாதிக்கு 7-க்குப் பதில் 17. இரண்டிலும் மூன்றிலும் உயிர் ஏறாது. நான்கிலிருந்து நிலையான எண்தான், உருட்டு கிடையாது. 17-ஐக் கரைக்க மூன்று நான்கு அம்பு வேண்டும். முதல் அம்புக்கும் கடைசி அம்புக்கும் நடுவே ஓட இடம் இருக்கும். அதன்பிறகும் நின்று சண்டை போட்டுச் செத்தால் சாவு சாவுதான்; பகடையை மறைத்து உருட்டி யாரையும் காப்பாற்ற மாட்டேன்.

குரூப்பில் விதிகளைப் போட்டேன். "ரொம்ப சாஃப்ட் ஆயிட்ட" என்றான் நண்பன். ஹிட் பாயின்ட் என்பது வெறும் சதை இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்று 1979-லேயே கைகாக்ஸ் எழுதிவிட்டார் என்று அவனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து வந்தது:

"அப்போ இந்தத் தடவை என் டர்ன் வருமா?"

"ஒரு தடவையாவது வரும்க்கா" என்று போட்டேன்.