ஆளில்லாத வீடுகள்



முதலில் என் தவறொன்றை ஒப்புக்கொண்டுவிட்டு விடயத்துக்கு வருகிறேன். 2023 ஒக்டோபரில், காஸா யுத்தம் தொடங்கிய நாட்களில், ஹெலிகொப்டர்கள் சுட்டு வீழ்த்தப்படும் காட்சியொன்று என் கைத்தொலைபேசிக்கு வந்தது. இஷாத் தொழுதுவிட்டு வந்த கையோடு அதைப் பார்த்து, உணர்ச்சிவசப்பட்டு, நாலைந்து குழுக்களுக்கு அனுப்பியும் விட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூத்த மகன் எட்டிப் பார்த்தான். "வாப்பா, இது காஸா இல்லை. ஆர்மா" என்றான். கோப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை!

ஆர்மா 3 என்பது கணினியில் விளையாடும் ஒரு யுத்த விளையாட்டு. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. உக்ரைன் யுத்தக் காட்சிகள் என்ற பெயரில் இதன் படங்கள் பரவியதால், பொய்யை இனங்காணும் வழிகளை விளக்கி 2022இலேயே அந்த நிறுவனம் அறிக்கை விட்டிருக்கிறது. செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பாதீர்கள் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். என் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெட்கம் ஆறிய பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. பத்து வருடம் கடந்தும் பிள்ளைகள் ஏன் இதை விடுகிறார்களில்லை? நிறுத்திவிடும் எண்ணத்தோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

வெடியும் புகையுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. அரை மணி நேரம் நடந்தான், படுத்தான், மறுபடி நடந்தான். சுமை கூடினால் மூச்சிரைக்கிறது; மூச்சிரைத்தால் துவக்கு ஆடுகிறது; தூரம் கூடக் கூடச் சன்னம் தாழ்ந்து போகிறது. கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரே வெடியில் விழுந்தான். சுட்டவனை அவனும் காணவில்லை, நானும் காணவில்லை. "இவ்வளவுதானா?" என்றேன். "அதுதான் வாப்பா இதில் விசேஷம்" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. காத்திருப்பும் பயமும், பிறகு ஒரு நொடியில் எல்லாம் முடிந்துபோவதும்தானே யுத்தம்? எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் சிறுவராக இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பனைமட்டையைத் துவக்காக்கி 'ஆமியும் பெடியளும்' விளையாடினோம். ஆமியாக இருக்க ஒருவனும் சம்மதிக்க மாட்டான். செத்தவன் பத்து எண்ணிவிட்டு எழும்பிவிடுவான். காலையில் ஷெல் விழுந்த ஒழுங்கையிலேயே மாலையில் அப்படி விளையாடிய நாங்கள், இன்றைய பிள்ளைகளைப் பார்த்து என்னத்தைச் சொல்வது?

இதன் ஆயுள் நீண்டதற்கு இன்னுமொரு காரணத்தையும் மகனே காட்டினான். களத்தையும் படையையும் நாமே அமைத்துக்கொள்ள இதில் வழி இருக்கிறது. தாயப் பலகையோடு அதைச் செய்யும் தச்சுப் பட்டறையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி! பொடியன்கள் வாயில் அடிபடும் பப்ஜிக்கும் வேர் இங்கேதான். ஆர்மாவின் முந்திய பதிப்பில் ஓர் ஐரிஷ்காரர் செய்த மாற்றத்திலிருந்து வளர்ந்து 2017இல் வெளிவந்ததாம். ஆர்மா 3இன் பெரிய தீவோ கிரேக்க நாட்டு லெம்னோஸைப் பார்த்து வரையப்பட்டது. 2012இல் அங்கே போன அந்த நிறுவனத்தின் இரண்டு ஊழியர்கள், இராணுவ இடங்களைப் படமெடுத்தார்கள் என்ற உளவுக் குற்றச்சாட்டில் நாலு மாதமளவில் சிறையிலிருந்தார்கள். விளையாட்டு வினையானது இதுதான் போலும்!

மறுபடியும் அவன் ஓர் ஊருக்குள் நுழைந்தான். வெள்ளைச் சுவர்கள், ஓட்டுக் கூரைகள். ஒவ்வொரு வீடாகக் கதவைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு பாயில்லை, பானையில்லை.

"இந்த ஊர்ச் சனமெல்லாம் எங்கே?"

"சனம் போடவில்லை வாப்பா. போட்டால் கொம்பியூட்டர் இழுபடும்."

எனக்கு அதற்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் எங்களை வெளியேற்றினார்கள். எனக்கு வயது பத்து. உம்மா அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமலே வெளிக்கிட்டோம். பாதை திறந்த 2002இல், புத்தளத்திலிருந்து பெரியவர்களோடு சோனகத் தெருவுக்கு வந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் ஓடில்லை, கதவில்லை, நிலையுமில்லை. குசினிக்குள் ஆலங்கன்று நின்றது.

என் பிள்ளைகள் இந்தச் சரித்திரத்தைத் திகதியாகத்தான் அறிவார்கள். சோற்றுப் பானையை நான் சொன்னதேயில்லை. அன்று மஃரிப் பாங்கு சொல்லும் வரை சொன்னேன். விளையாட்டை நிறுத்தச் சொல்ல வந்தவன், அதை மறந்தே போனேன்.

இந்த விளையாட்டுக்கு 2017இல், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஒத்துழைப்போடு, யுத்தச் சட்டங்களைப் பற்றிய ஒரு பாகம் வந்திருக்கிறது. அதில் சுடுவதை விடக் கண்ணிவெடி அகற்றுவதுதான் வேலை. கொழும்புக்குப் போகும் வழியில் முகமாலையில், மண்டையோட்டுப் பலகைகளுக்கு அப்பால் பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டுவதை எத்தனை வருடம் பார்த்தோம்! "அந்தப் பாகத்தையும் விளையாடலாமே" என்றேன். "அது சரியான ஸ்லோ வாப்பா" என்றான். பொய் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவனே கூப்பிட்டான். ஊருக்குள் சனம் போட்டிருந்தான். ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். முதல் வெடிச் சத்தத்தில் சிலர் குப்புற விழுந்தார்கள், சிலர் கண்ட பக்கம் ஓடினார்கள்.

"இவர்கள் எங்கே போக வேணும் என்று நான்தான் இடம் குறித்துக் கொடுக்க வேணும். நீங்க முதலில் எங்கே போனீங்க?"

"தெற்கே, வவுனியாப் பக்கம்."

வரைபடத்தைத் திறந்து, தீவின் தென்கரையில் ஓரிடம் தேடி, அங்கே ஒரு கூடாரம் வைத்தான்.

ஒன்று காணாது என்றேன்.