அடம்பன் கொடி படர்ந்த ஒழுங்கை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் எழுவான்கரை தொடங்கிவிடும். இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கின்றன. பஸ் யன்னலால் பார்த்தால் கடல் தெரியாது. தென்னைகளும் மதில்களும் மறைத்துவிடும். ஏதாவதோர் ஒழுங்கையைக் கடக்கும்போது மட்டும் அதன் முடிவில் ஒரு நீலத்துண்டு தெரிந்து மறையும்.

அப்படியான ஓர் ஒழுங்கையின் வாயில்தான் 2024 மாசி மாதத்தில் நான் இறங்கினேன். அன்று அந்த ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஊரின் பெயரையும் பெண்களின் பெயர்களையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் பின்னால் வரும்.

"கூட்டம் மூன்று மணிக்குத்தான். முதலில் ஒழுங்கையைப் பாருங்கோ" என்று சங்கத் தலைவி என்னைக் கடல் பக்கமாக நடத்திச் சென்றார். பிரதான வீதியிலிருந்து கடல்வரை அறுநூறு காலடி இருக்கும். மணல் கூட்டப்பட்டிருந்தது. வேலியோரமாகக் கற்களுக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். முடிவில் மணல் மேட்டின் மேல் அடம்பன் கொடி பச்சையாகப் படர்ந்து, ஊதா நிறப் பூக்களோடு கிடந்தது. பார்ப்பதற்குப் பெரிய விசயமாகத் தோன்றாது. இதற்கு ஒரு வருடம் எடுத்தது என்று அவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கைவிடப்பட்ட வழி

ஒரு காலத்தில் இந்த ஒழுங்கை பெண்களின் வழியாகத்தான் இருந்தது. கரைவலை இழுக்கும் நேரம் பெட்டியோடு போய் மீன் வாங்குவது, மிஞ்சியதைக் கருவாடு போடுவது, பின்னேரத்தில் பிள்ளைகளோடு காற்று வாங்குவது எல்லாம் இந்த வழியால்தான். யுத்த காலத்தில் ஆறு மணிக்குப் பின் யாரும் கடல் பக்கம் போவதில்லை. பிறகு பகலிலும் போக்குவரத்துக் குறைந்தது.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். இந்த ஒழுங்கையிலும் கடலோர வீடுகள் அழிந்தன. தப்பியவர்கள் உள்ளே வந்து குடியேறினார்கள். ஒழுங்கையின் கீழ்ப்பாதி வெறுமையானது. அந்த வெறுமையைக் குப்பை நிரப்பியது. பிரதான வீதிக் கடைகளின் பொலித்தீன், கோழிக்கழிவு, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பொதிகள், பிள்ளைகளின் பம்பர்ஸ், இளநீர்க் கோம்பை என்று இரவில் கொண்டுவந்து கொட்டினார்கள். பகலில் நாய்கள் இழுத்துத் திரிந்தன.

"பயத்தில விட்ட இடம், பிறகு நாத்தத்தில விட்ட இடமாப் போச்சு" என்றார் தலைவி.

யாரும் நடக்காத வழியில் வேலிகளும் நகர்ந்தன. ஒருவர் ஓரடி, இன்னொருவர் மூன்றடி என்று உள்ளே வந்தார்கள். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டு, இங்கும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது நினைவிருக்கும். அன்று அலை வரவில்லை. ஆனால் எல்லோரும் ஒரேயடியாக ஓடியபோது ஒழுங்கையின் ஒடுங்கிய இடத்தில் நெரிபட்டு விழுந்தார்கள். அதன் பிறகும் யாரும் வேலியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒரு பெத்தாவின் கேள்வி

2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. சங்கமும் தூங்கிப்போனது. 2023 தை மாதம் கூட்டம் கூட்டியபோது வந்தவர்கள் பதினொரு பேர். சுழற்சிக் கடனை மீண்டும் தொடங்குவதுதான் அன்றைய விடயம். பின்னால் இருந்த பெத்தா ஒருவர் எழுந்து, "கடனைப் பிறகு பாப்பம் மகள். இன்னொருக்காக் கடல் வந்தா எந்த வழியால ஓடுற?" என்று கேட்டார். சுனாமியில் இரண்டு பேரப்பிள்ளைகளை இழந்தவர் அவர். யாரிடமும் பதில் இருக்கவில்லை.

அடுத்த நாளே மீன்பிடிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒழுங்கையை அளந்தார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டதில் பன்னிரண்டு அடி இருக்க வேண்டிய வழி என்று தெரிந்தது. நான்கு இடங்களில் அது சுருங்கியிருந்தது. ஆக ஒடுங்கிய இடம் ஐந்தடி.

குப்பையை அள்ளவும் தெருவிளக்குப் போடவும் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். முன்பென்றால் தெரிந்த உறுப்பினர் ஒருவரைப் பிடிப்பார்கள். ஆனால் 2023 மார்ச் 19 உடன் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதன்பின் 2025 மே மாதத் தேர்தல்வரை சபைகளில் உறுப்பினர்கள் இல்லை. எனவே செயலாளருக்கு எழுதுவதுதான் ஒரே வழி.

"அதுதான் எங்களுக்கு நல்லதாப் போச்சு" என்று சிரித்தார் சங்கச் செயலாளர். சாதாரண தரம்வரை படித்த இளம் பெண். கணவர் காணாமல் போனவர். "அவரைத் தேடி எத்தனை கந்தோருக்குக் கடிதம் எழுதியிருப்பன். கொடுத்த கடிதம் வரேல்ல எண்டு சொல்லுவாங்கள். அதால நகல் எடுத்து, அதில திகதியும் முத்திரையும் குத்தி வாங்காமல் நான் வெளியால வரமாட்டன்."

முதற் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாம் முறை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி எந்த நாளில் வரவேண்டும்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். பதில் வந்தது. அடுத்த மாதம் உழவு இயந்திரமும் வந்தது. டீசல் செலவில் ஒரு பங்கைச் சங்கம் கொடுத்தது.

மூன்று சனிக்கிழமைகள் சிரமதானம் நடந்தது. முதல் வாரம் பெண்கள் மட்டும். இரண்டாம் வாரம் சில பொடியன்கள் வந்தார்கள். மூன்றாம் வாரம் கரைவலைக்காரர்கள் தாங்களாகவே மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஏழு பெட்டி குப்பை போனது. கல்யாண மண்டபக்காரரிடம் எட்டுப் பெண்கள் சேர்ந்து போய்ப் பேசினார்கள். சண்டை பிடிக்கவில்லை. அவர் சாப்பாட்டுக் கழிவைப் பன்றி வளர்ப்பவருக்குக் கொடுக்கச் சம்மதித்து, சங்கத்துக்குப் பத்தாயிரம் ரூபாவும் தந்தார்.

வேலியும் ஆடும்

சித்திரையில் நட்ட நாற்பது சவுக்கங்கன்றுகள் எல்லாம் போயின. வெயில் பாதி, ஆடு பாதி. ஆடுகள் ஒரு விதவைப் பெண்ணுடையவை. ஒழுங்கைக்குள் மூன்றடி வந்திருந்த வேலியும் அவருடையதே. கூட்டத்தில் அவரைச் சிலர் கடுமையாகப் பேசினார்கள். அவர் அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் தலைவி அவர் வீட்டுக்குப் போனார். காணியில் பாதியைக் கடல் அரித்துவிட்டது, ஆடு கட்ட இடமில்லை, வேலியைப் பிடுங்கித் திரும்பக் கட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை என்று அவர் சொன்னார். "நாங்கள் வேலியைத்தான் பார்த்தோம், அவளைப் பார்க்கேல்ல" என்று தலைவி என்னிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கிடுகு பின்னி, கதியால் நட்டு, வேலியை மூன்றடி உள்ளே கட்டிக்கொடுத்தார்கள். ஆட்டுக்குச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் இடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற இரண்டு வீட்டுக்காரரும் தாங்களாகவே வேலியை நகர்த்தினார்கள்.

நான்காவது வேலியல்ல, மதில். வெளியூர்க்காரர் ஒருவர் விடுமுறை வீட்டுக்காகக் கட்டியது. அதற்கான முறைப்பாடு நான் போனபோதும் பிரதேச செயலகத்தில்தான் இருந்தது. பெயர்களை எழுதாததற்குக் காரணம் அதுதான். அந்த இடத்தில் ஒழுங்கை எட்டடி.

ஐப்பசியில் மழை தொடங்கும்போது, சவுக்குக்குப் பதிலாகப் பெத்தா சொன்னதைக் கேட்டார்கள். அடம்பன் கொடியைத் துண்டுதுண்டாக வெட்டி, கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி மணல் மேட்டில் புதைத்தார்கள். பின்னால் ஒரு வரிசை பனங்கொட்டை. அடம்பன் ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். உப்புக்காற்று அதற்குப் பெரிதில்லை. முன்பு பற்றை என்று வெட்டி எறிந்த கொடி அது. மாரி முடிந்தபோது மேட்டை மூடிவிட்டது.

அதே மாதம் வீடுவீடாகச் சென்று சிரட்டை, டயர், யோகட் கோப்பைகளைச் சேர்த்து அகற்றினார்கள். 2017 இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்ததை யாரும் மறக்கவில்லை. எழுதிக் கேட்ட மூன்று விளக்கில் ஒன்பது மாதத்தில் இரண்டு வந்தன.

நவம்பர் 5

உலக சுனாமி விழிப்புணர்வு நாளன்று ஓடிப் பழகினார்கள். யுத்தத்தில் ஒரு காலை இழந்த பெண் ஒருவர் அந்த ஒழுங்கையில் இருக்கிறார். முதலில் அவரைக் கடைசியில் விட்டிருந்தார்கள். "எப்பவும் என்னைப் பிறகு கூட்டிக்கொண்டு போவம் எண்டுதான் சொல்லுவினம். பிறகு எண்டா எப்ப?" என்று அவர் கேட்டார். அதன்பின் பட்டியலை மாற்றினார்கள். அவருக்கும் இரண்டு வயோதிபருக்கும் கர்ப்பிணி ஒருவருக்கும் முதலிடம். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் பொறுப்பு. அந்தப் பட்டியல் சங்கச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

டிசம்பர் 26 அன்று பத்தொன்பது வருடங்களில் முதற்தடவையாகப் பெண்கள் இந்த ஒழுங்கையால் நடந்து கடலுக்குப் பூப் போட்டார்கள். பெத்தாவும் போனாராம். "கடலோட எனக்குக் கோபம்தான். ஆனா வழி என்ர வழிதானே" என்றார் என்னிடம்.

கணக்கு

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. இப்போது முப்பத்துநான்கு அங்கத்தவர்கள். பொருளாளர் கணக்கை வாசித்தார். சந்தா 12,400 ரூபா, நன்கொடை 10,000 ரூபா, பலகாரம் விற்றது 8,000 ரூபா, மொத்தம் 30,400 ரூபா. செலவு: டீசல் 14,500, மண்வாரியும் கையுறையும் 6,300, தேநீர் 4,200, நகலும் தபாலும் பஸ் காசும் 2,850. மிச்சம் 2,550 ரூபா.

நிறைவேறாதவற்றையும் வாசித்தார்கள். மதில் அப்படியே நிற்கிறது. ஒரு விளக்கு வரவில்லை. இரவில் யாரோ மறுபடியும் இரண்டு தரம் குப்பை கொட்டியிருக்கிறார்கள். அடுத்த வருட வேலைகளாக இந்த மூன்றையும் எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது இருட்டிவிட்டது. ஒழுங்கைக்குள் இரண்டு விளக்கும் எரிந்தன. ரியூசன் முடிந்த மூன்று பெண் பிள்ளைகள் சைக்கிளில் கதைத்துச் சிரித்தபடி உள்ளே போனார்கள். அவர்களைக் கூட்டிப்போக யாரும் வந்திருக்கவில்லை.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொன்னார்கள். சகோதரிகளே, உங்கள் ஊரிலும் பயத்தால் நாம் விட்டுவந்த ஒரு வழி, ஒரு கிணறு, ஒரு குளக்கட்டு இருக்கும். ஒரு முறை நாலு பேராகப் போய்ப் பாருங்கள். ஒரு கயிற்றையும், ஒரு பேனையையும் கொண்டு போங்கள். கடிதத்தின் நகலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.