பரணில் விழித்திருக்கும் ஊர்

கண்டி மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு களித்து, திரும்பும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கி வீடு சேர்வது வழக்கம். அதே மாத்தளை மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், மலைக்கும் மகாவலி கங்கைக்கும் நடுவே, வில்கமுவ என்றொரு பிரதேசம் இருப்பதை அறிந்தோர் சிலரே.

நாம் அங்கே சென்றது இயற்கையழகை நாடி மட்டுமன்று. மனநோயும் மதுவெறியும் பட்டணத்துப் பிணிகள் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். "அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை வயற்புறத்து மக்களிடம் கேட்டறியுங்கள், அவர்கள் கண்ட மருந்தையும் கேளுங்கள்" என்று மாத்தளையில் ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் அழைத்திருந்தார். சிங்களத்தில் சரளமாக உரையாடும் அவரே நமக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

பதினெட்டு வளைவுகள்

விடியற்காலையில் கண்டியிலிருந்து மகியங்கனை வீதி வழியே புறப்பட்டோம். தெல்தெனியாவை அடைந்தபோது பனித்திரை விலகி, விக்டோரியா நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் மின்னியது. 1985இல் திறக்கப்பட்ட அவ்வணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. ஹுன்னஸ்கிரியாவைக் கடந்தபின் மலை திடீரெனச் சரிகிறது. அங்கேதான் பெயர்பெற்ற 'பதினெட்டு வளைவு' பாதை தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் குளிர் ஒரு படி குறைய, கீழே மகாவலிச் சமவெளி பச்சைப் பாய் விரித்தாற்போல் அகன்று கிடந்தது.

ஹஸலகவில் வடக்கே திரும்பினோம். இடப்புறம் தும்பர மலைகள் எனப்படும் நக்கிள்ஸ் தொடர்; வலப்புறம், கண்ணுக்கெட்டாத் தொலைவில் மகாவலி. இடையே வாய்க்கால்களும் வயல்களுமாக வழி நீண்டது. ஹெட்டிபொலக் கடைத்தெருவில் தேநீர் அருந்திக்கொண்டே சுற்றிலும் நோக்கினோம். உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடைகள்தாம் முதலிற் கண்ணிற்பட்டன. வயலை நம்பி வாழும் ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

யானையும் உழவனும்

வில்கமுவையை அடுத்திருப்பது வஸ்கமுவ வனம். 1984இல் தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அக்காடு யானைகளுக்குப் பேர்போனது. காட்டின் எல்லையை மனிதர் அறிவர், யானை அறியுமோ? நெற்கதிர் முற்றி மணம் வீசுங் காலத்தில் அவை இரவிலே வயலுள் இறங்கிவிடுகின்றன. ஆகவே ஆடவர்கள் மரக்கிளைகளிற் பரண் கட்டி, விடியுமட்டும் விழித்திருந்து காக்கின்றனர். தினைப்புனம் காத்த வள்ளியின் பரணை நாம் படத்திற் கண்டு மகிழ்வோம். இங்கேயுள்ள பரணோ உயிரைப் பணயம் வைத்து ஏறும் பரண்.

மாதக்கணக்காக உறக்கம் கெடுகிறது. ஒரே இரவில் விளைச்சல் முழுதும் அழிந்தால், விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. போதாக்குறைக்கு, 1990களிலிருந்து இலங்கையின் உலர்வலயத்தை வாட்டும் சிறுநீரக நோய் வில்கமுவையையும் விட்டுவைக்கவில்லை. இத்தனை சுமைகளையும் தாங்குவோனுக்கு மலிவாகக் கிடைக்கும் ஆறுதல் கசிப்புப் போத்தலாயின், அவனை ஏசுவது எளிது. அவனுக்கு வேறு ஆறுதல் காட்டுவது அரிது.

ஒரு முதியவர் கூறிய கதை

பலாமரத்தடியில் அமைந்த சிறு வீட்டில் முதிய விவசாயி ஒருவர் எம்மை வரவேற்றார். நண்பர் அவரைச் 'சீயா' என்றழைத்தார். நம் 'தாத்தா' என்பதற்கு ஒப்பான சொல் அது. வெறுந்தேநீரும் கித்துள் வெல்லமும் வந்தன. பேச்சு மெல்ல மெல்ல அவருடைய தம்பியைப் பற்றித் திரும்பியது.

"1994ஆம் ஆண்டுப் பெரும்போகம். கதிர் முற்றிய வயலில் யானைகள் புகுந்தன. மறுநாள் மாலை தம்பி குடித்துவிட்டு வந்தான். வீட்டில் வாய்ச்சண்டை. கோபத்தோடு உள்ளே போனவன் வயலுக்கென வாங்கியிருந்த நஞ்சை எடுத்துவிட்டான். சாக வேண்டுமென்று அவன் பலநாள் எண்ணியிருந்தான் என நான் நம்பவில்லை. வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம், 'அண்ணா, என்னைக் காப்பாற்று' என்றுதான் சொன்னான்."

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

அவருடைய துயரம் அக்காலத்து இலங்கைக் கிராமங்களின் பொதுத் துயரமாகும். 1995இல் இந்நாட்டில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. உயிர்பிழைத்தவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே. அச்சட்டம் 1998இல் நீக்கப்பட்டதன் பின்னரே, குடும்பத்தார் பொலிசுக்கு அஞ்சாமல் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லும் வழி திறந்தது.

பூட்டும் தடையும்

கொடிய நச்சு மருந்துகள் 1995லும் 1998லும் தடைசெய்யப்பட்டன. எஞ்சியவற்றிற் சில 2008 முதல் 2011 வரை படிப்படியாக நீக்கப்பட்டன. இந்தத் தடைகளுக்குப் பின் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையே ஏறத்தாழ 93,000 உயிர்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு. மருந்தைத் தடுத்தால் விளைச்சல் வீழ்ந்துவிடும் என அஞ்சியோரும் உண்டு. நெல் விளைச்சல் அதனாற் குன்றவில்லை.

வேறொரு சோதனையும் நடந்தது. வில்கமுவைக்கு வடக்கேயுள்ள வடமத்திய மாகாணத்தில், 180 கிராமங்களைச் சேர்ந்த 53,000க்கு மேற்பட்ட வீடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிற் பாதிக் கிராமங்களுக்குக் கிருமிநாசினியைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வழங்கினர். முடிவு 2017இல் வெளியாயிற்று. பெட்டி வழங்கியதனால் நஞ்சருந்துவோர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. பூட்டும் திறப்பும் ஒரே வீட்டில் இருந்தால், ஆத்திரமுற்றவனை அப்பூட்டு எங்ஙனம் தடுக்கும்? நஞ்சு கிராமத்தின் எல்லைக்குள்ளேயே வராதிருப்பதுதான் காவல். ஏனெனில் அத்தகைய வேளைகளிற் பலர் சிந்திப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்களை எப்படியேனும் கடந்துவிட்டால் மனிதன் பிழைத்துவிடுகிறான்.

"என் மகனும் பிழைத்தான்," என்றார் முதியவர். "தம்பியைப் போலவே கோபம், தம்பியைப் போலவே குடி. எட்டு வருடங்களுக்கு முன் தம்பி செய்த அதே காரியத்தை அவனும் செய்தான். ஆனால் தம்பி காலத்து நஞ்சு இப்போது கடையில் இல்லை. ஒரு வாரம் வைத்தியசாலையில் கிடந்தான், எழுந்து வந்தான்."

வைத்தியம் வீடு தேடி வந்தது

பிழைத்தவனுக்கு அதன்பின் என்ன வழி? முன்னாளில் மனநோய் என்றதும் கொழும்புக்கு அருகேயுள்ள அங்கொடை மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைச் சொல்லவே ஊரார் கூசினர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் மனநல சேவையைக் கிராமங்களுக்கு அண்மையிற் கொண்டுசெல்ல அரசாங்கம் முனைந்து, 2005இல் தேசிய மனநலக் கொள்கையை வகுத்தது. மனநல வைத்திய அதிகாரிகள் மாவட்டங்களில் நியமனம் பெற்றனர். மனநலத் தாதியர் நோயாளரின் வீடுகளுக்கே செல்லும் முறையும் வளர்ந்தது.

முதியவரின் மகனுக்கும் இவ்வழியே உதவி கிடைத்தது. குடியை ஒரே நாளிற் கைவிடுவதாகச் சபதமேற்ற அவனை வைத்தியர் தடுத்தாராம்! நாம் வியந்தோம். நெடுங்காலம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் முதலியன தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வைத்தியர் மேற்பார்வையில், தக்க மருந்தும் உயிர்ச்சத்தும் கொடுத்தே மதுவை நிறுத்த வேண்டும். அதன் பின்னரே நீண்ட வேலை தொடங்குகிறது. அவன் இருமுறை மீண்டும் குடியில் விழுந்தான். இருமுறையும் தாதியார் வந்து, "மறுபடி தொடங்குவோம் தம்பி" என்றாரேயொழிய ஏசவில்லை. மனைவியையும் அருகிருத்திப் பேசினார். மாதந்தோறும் அவன் கிளினிக்குக்குச் செல்கிறான்.

அச்சத்தின் வேரைக் களைவதும் மனநலப் பணியே அன்றோ! வில்கமுவப் பகுதியில் யானைகளைப் பகைக்காமல் வாழ வழிதேடும் சங்கமொன்று, யானைகள் விரும்பாத தோடை மரங்களை வீட்டுத்தோட்டங்களில் நட ஊக்கியது. யானைகள் நடமாடும் பாதையைக் கடக்கும் மாணவருக்கும் ஊராருக்குமாக ஒரு பஸ்ஸும் ஓடச்செய்தது. தோடம்பழம் விற்ற பணம் கடனைக் குறைக்கும். பஸ் தாயின் நெஞ்சப் படபடப்பைக் குறைக்கும். இவையும் ஒருவகை மருந்துதாம்.

நம் குடும்பங்களுக்கும் இதிற் பாடமுண்டு. வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, பேச்சற்றுப் போனால், "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒதுங்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற தொலைபேசி எண் தேசிய மனநல நிறுவனத்தையும், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையும் சேரும். இவ்விரு எண்களையும் மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்.

இருளில் ஒரு குரல்

பொழுது சாய்ந்தது. முதியவரின் மகன் ஒரு கையில் டோர்ச் விளக்கும் மறுகையில் தேநீர்க் குடுவையுமாகப் பரணை நோக்கி நடந்தான். நாமும் வரப்பின் முனைவரை சென்றோம். பரணில் ஏறியவன் சிறிது நேரத்தில் பாடத் தொடங்கினான். காவற்காரர் பாடும் இவ்வகைப் பாட்டைப் 'பெல்கவி' என்பர் சிங்களவர். ஒரு பரணிலிருப்பவன் பாடினால் அடுத்த பரணிலிருப்பவன் மறுபாட்டுப் பாடுவது பண்டைய வழக்கமாம்.

"எதற்காகப் பாடுகிறார்கள்? யானையை விரட்டவா?" என்று வினவினோம்.

"யானைக்கும் கேட்கும்," என்றார் முதியவர். "ஆனால் பக்கத்துப் பரணில் இருப்பவனுக்குக் கேட்கத்தான் பாடுகிறார்கள். பதில் வராவிட்டால் போய்ப் பார்ப்போம்."

அவர் சொல்லி முடிக்குமுன், வயலின் மறுகோடி இருளிலிருந்து பதிற்பாட்டு எழுந்தது.