பிளவு கீறப் பழகுதல்

நறுவிலிக்குளத்தில் பௌதிகம் படிப்பித்த சேரிடம் நான் கேட்டுப் பழகிய கைவேலை, கண்ணாடியில் பிளவு கீறுவது. சாமான் அதிகமில்லை: நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் துண்டு, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு, இரண்டு சவர பிளேடு. கண்ணாடியை விளக்குப் புகையில் அசைத்துக்கொண்டே காட்டினால் கரி சீராகப் படியும். ஒரே இடத்தில் பிடித்தால் கண்ணாடி வெடிக்கும். பிறகு பிளேடுகளை ஒட்டச் சேர்த்து, அடிமட்டத்தின் ஓரமாக ஒரே இழுவை.

“தம்பி, ரெண்டாந்தரம் இழுக்கப்படாது. கோடு தடிச்சுப் போகும்.”

கையின் பாரம்தான் வித்தை. அழுத்தினால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். பட்டும் படாமலும் போனால் கரி விலகாது. பிளேடின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். கோடுகளுக்கிடையே தூரமும் அவ்வளவுதான்.

இருட்டறையில் சிவப்பு லேசரை அதன்மேல் விட்டால், 4 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரிசையாக விழும். ஒரு பிளவை மறைத்ததும் வரிகள் போய், அகன்ற பட்டை மட்டும் மிஞ்சும். அதுதான் ஒளியின் கோணல்; பிளவை ஒடுக்க ஒடுக்கப் பட்டை இன்னும் விரியும். என்னை மலைக்கவைத்தது மற்றது: ஒரு வழியை அடைத்தவுடன், இருண்டு கிடந்த இடத்துக்கு வெளிச்சம் வருகிறது! இரண்டும் திறந்திருக்கையில் ஒன்றின் அலைமுகடும் மற்றதன் அலைத்தாழியும் அங்கே சந்தித்து அழிந்துகொண்டிருந்தன. அலைகளின் தலையீடு என்பது இதுதான்.

சேர் உடனே அடிமட்டத்தைச் சுவரில் வைப்பார். சிவப்பின் அலைநீளம் 650 நனோமீற்றர். வரிக்கு வரி 26 மில்லிமீற்றர் இருந்தால் கோடுகளின் இடைத்தூரம் 0.1; 22 என்றால் 0.12க்குக் கிட்ட. கையில் நேர்ந்த பிசகைச் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். இதைவிடக் கண்டிப்பான மேற்பார்வையாளரை நான் கண்டதில்லை.

1803இல் இலண்டனில் இதே வரிகளைத் தேடிய தோமஸ் யங்குக்கு லேசருமில்லை, பிளேடுமில்லை. யன்னல் ஓட்டையால் வந்த வெயில் கற்றைக்குக் குறுக்கே, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமான அட்டைத் துண்டைப் பிடித்தே வரிகளைக் கண்டார். முத்துச்சிப்பி ஓட்டின் மினுக்கமும் அலைகளின் தலையீடுதான். அங்கே பிளவுக்குப் பதில் மெல்லிய படைகள். சி. வி. இராமன் பிற்காலத்தில் சிப்பிகளையும் ஆராய்ந்தார். ஆனால் சேர் அடிக்கடி சொல்வது இராமனுடைய முதற்கட்டுரையை: 1906இல், சென்னை மாநிலக் கல்லூரி மாணவனாக, சரிந்த ஒளி செவ்வகத் துளையில் உண்டாக்கும் சமச்சீரற்ற பட்டைகளைப் பற்றி எழுதியது.

இப்போது எனக்குத் தந்திருக்கும் வேலை, திருகாணியால் அகலம் மாற்றக்கூடிய ஒற்றைப் பிளவு. பிளேடு விளிம்புகள் இரண்டும் சமாந்தரமாக நிற்க இன்னும் மறுக்கின்றன.