அந்தப் பையன் தார் சுற்றுகிறவன் இல்லை

என் முதல் ஆவணப்படத்தில் ஒரு பொய் இருந்தது. அதை வைத்தவன் நான்தான்.

எனக்குப் போளூர். ஆரணிப் பட்டு ஆரணிக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார வீடுகளிலும் தறி ஓடுகிறது. அப்படி ஒரு வீட்டுக்கு, இரவல் கேமராவோடு ஒரு மாதம் போய்வந்தேன். அப்போது எனக்கு 23 வயது.

வீட்டுக்காரர் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுவார். பாவில் ஓர் இழை அறுந்தாலும் நாடாவை நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியை விரலால் தடவித் தேடி இணைப்பார். கூலி சேலைக் கணக்கு, நாள் கணக்கு இல்லை. "இன்னொரு தடவை, அண்ணா" என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் கூலியில்தான் கை வைத்தேன். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை.

மகன் ஆறாம் வகுப்பு. "இந்தக் குழி என்னோட போகட்டும் தம்பி. அவனைத் தறிப்பக்கமே விடறதில்ல" என்று முதல் நாளே சொன்னார். அந்த வீட்டின் பெருமை அதுதான். நான் எடுத்திருக்க வேண்டிய படமும் அதுதான். ஆனால் நெசவாளர் வீட்டில் படிப்பை விட்ட பிள்ளை இருக்க வேண்டும் என்று நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். அப்பா கடைக்குப் போயிருந்த ஒரு மாலை, பள்ளிவிட்டு வந்தவனைச் சீருடை மாற்றச் சொல்லி, ராட்டை முன் உட்காரவைத்துத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் கண்டு, சுற்றச் சொன்னேன். அவனுக்குச் சுற்றத் தெரியவில்லை. இழை இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை, நான்கு நொடிதான் சிரிக்காமல் இருந்தான். அந்த நான்கு நொடிக்குச் சோக இசை சேர்த்தேன்.

துப்பாக்கியால் வேட்டையாடியவர்களை ஈட்டி ஏந்தவைத்து ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, 1922-இல் வெளியான 'நானூக்' ஆவணப்படத்தை எடுத்தார் என்று படித்திருந்தேன். அதையே சமாதானமாகப் பிடித்துக்கொண்டேன். ஏ.கே. செட்டியாரைப் பற்றியும் படித்தவன்தான் நான். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகத் தன் இருபது சொச்சம் வயதில் கிளம்பி, நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்துவைத்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1940-இல் வெளியிட்டவர். எங்கோ இருந்ததைத் தேடி அவர் அலைந்தார். கண்ணெதிரே இருந்ததை ஒதுக்கிவிட்டு, இல்லாததை நான் செய்துகொண்டேன்.

ஒரு படவிழாவில் அந்தக் காட்சியைத்தான் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊரில் போட்டுக்காட்டுகிறேன் என்று கொடுத்த வாக்கை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் யாரோ அந்த வீட்டுக்காரர் செல்போனுக்கே படத்தை அனுப்பிவிட்டார்கள். நான் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. "ஒருநாள்கூட லீவு போடாதவன் தம்பி அவன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு? அவங்கிட்ட கேளு" என்றார். பையன் உள்ளறையிலிருந்து வரவில்லை.

அதன்பிறகும் அந்தக் காட்சியோடே படத்தை இரண்டு இடங்களுக்கு அனுப்பினேன். சொல்ல மிகவும் கூசுவது இதுதான். இப்போது காட்சியை எடுத்துவிட்டேன். காரணத்தை எழுதிச் சான்றிதழையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான் வெட்டிப் போட்டதில், ஐந்தாம் நொடியில் அவன் வாய்விட்டுச் சிரிப்பது இன்னும் இருக்கிறது. இப்போது அவன் பத்தாம் வகுப்பு. அவனிடம் மன்னிப்புக் கேட்பது இன்னும் பாக்கி.