கேட்கும் தூரத்தில்

காலை ஆறரை மணி. ஹைதராபாத்தின் மேற்குக் கோடியில் லிங்கம்பள்ளி. சாலையோரத்தில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தை ‘லேபர் அட்டா’ என்கிறார்கள். பாண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் பாலமூர்ப் பெண்கள். மகபூப்நகர் ஜனங்களின் வாயில் இன்றைக்கும் பாலமூர்தான். மடியில் துணியில் முடிந்த சோள ரொட்டி. எதிர்ப்பக்கம் ஒடியா பேசும் இளைஞர்கள் நாலைந்து பேர். கரணையும் மட்டக்கோலும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் தள்ளி போஜ்புரி. தேநீர் கிளாஸ் மட்டும் எல்லாக் கூட்டத்துக்குள்ளும் போய் வருகிறது.

ஒரு வேன் வந்து நிற்கிறது. மேஸ்திரி தெலுங்கில் கூலியைச் சொல்கிறார். பாலமூர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு பேரம் பேசுகிறார்கள். ஒருத்தி கையை உதறிவிட்டுத் திரும்பி நடக்கிறாள், மேஸ்திரி கூப்பிடுகிறார், தொகை ஏறுகிறது. ஒடியா இளைஞன் மேஸ்திரியின் விரல்களையே பார்க்கிறான். நூறுகளை விரல் காட்டிவிடும். எத்தனையாவது மாடி, சாரத்தில் ஏற வேண்டுமா, பணம் இன்றைக்கா வாரக் கடைசியிலா என்பதை எந்த விரலும் சொல்லாது. தலையாட்டிவிட்டு ஏறிக்கொள்கிறான்.

இன்னும் வேலை கிடைக்காமல் நிற்பவர்களில் ஒருவன் காதில் இயர்போன் ஒயர். உதடு லேசாக அசைகிறது. போனில் ஏற்றிக்கொண்டு வந்த ஊர்ப்பாட்டாக இருக்க வேண்டும். எஃப்.எம். வசதியுள்ள போனில் அந்த ஒயரேதான் ஏரியல். அலை வந்து சேரக் கம்பி தயார். இந்த ஊர் அலையில் அவன் பாஷைதான் அரிது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே ஹைதராபாத் பல்கலைக்கழகம். அதன் ‘போல் ஹைதராபாத்’ சமூக வானொலி 90.4இல் பேசுகிறது. சமூக ஊடகத்துக்கென்று யுனெஸ்கோ இருக்கை 2011இல் அமைந்ததும் அந்த வளாகத்தில்தான். 50 வாட் டிரான்ஸ்மிட்டர் 10, 15 கிலோமீட்டர் எட்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கச் சமூக வானொலிக்கு அனுமதி கிடையாது. ஆனால் வேலைவாய்ப்பு, வானிலை, உடல்நலம், பொது அறிவிப்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை. இங்கே நிற்பவனுக்கு முதலில் வேண்டியவை அவைதாம்.

இதே லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து 2020 மே 1 விடியற்காலையில் ஜார்க்கண்டின் ஹதியாவுக்கு ஒரு ரயில் கிளம்பியது. ஊரடங்கில் சிக்கிய தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரயில் அது. 24 பெட்டிகள், ஏறத்தாழ 1,200 பேர். ஏறியவர்களில் பலர் கந்தியில் ஹைதராபாத் ஐஐடியின் வளாகம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். கூலி வரவில்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று இரண்டு நாள் முன்புதான் அவர்கள் கொந்தளித்திருந்தார்கள். ஐந்து வாரம் தகரக் கொட்டகைக்குள் இருந்தவனுக்கு அரிசி எங்கே, கூலி எப்போது, ரயில் உண்டா என்று அவன் பாஷையில் தினமும் ஒரு குரல் சொல்லியிருந்தால், கல்லைக் கையில் எடுக்கும் அளவுக்கு அது போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

நடக்காத காரியமும் இல்லை. ‘குர்கான் கி ஆவாஸ்’ சமூக வானொலி 2009 முதல் உத்யோக் விஹார் ஆலைப் பகுதியிலிருந்து ஒலிக்கிறது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அதில் பாடுகிறார்கள், பேசுகிறார்கள். ஹைதராபாத் இருக்கும் மாநிலத்திலேயே, ஜஹீராபாத் பக்கத்து மாச்னூரில் ‘சங்கம் ரேடியோ’வைத் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திக் காட்டினார்கள்.

வெயில் ஏறிவிட்டது. பாதிப் பேர் போய்விட்டார்கள். வேலை கிடைக்காத பாலமூர்க்காரி ஒருத்தி ரொட்டியைப் பிரித்து, பக்கத்தில் நிற்கும் ஒடியாப் பையனுக்கு ஒன்றை நீட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறான். பேச்சில்லை.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அதை இவர்களுக்குத் திறந்துவிடப் பணமும் இருக்கிறது. கட்டடம் எழுப்பும் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது; 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்தது அது. அந்தப் பணத்தில் தனக்குப் பங்கு உண்டு என்பதையும், அதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சாரத்தில் நிற்பவனுக்கு அவன் பாஷையில் யாராவது சொல்லியாக வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அந்தப் பணத்தில் ஒரு சிறு தொகையை இதற்கு ஒதுக்கட்டும். இருக்கிற நிலையங்கள் தினமும் மாலையில் ஒடியாவுக்கும் போஜ்புரிக்கும் ஒரு மணி நேரம் கொடுக்கட்டும். மைக்கை அந்தத் தொழிலாளிகளிடமே தர வேண்டும்.